கூகையும் கிளப்புக் கடையும்

பேயைக் கண்டு அஞ்சியவர்கள் உலகில் பலர் உண்டு. நானோ ஒரு பேயை என் நாவினாலேயே உண்டாக்கிவிட்டு, முப்பது ஆண்டுகள் அதற்கு அஞ்சி வாழ்ந்தவன்.

விழுப்புரத்திற்கும் திருக்கோவிலூருக்கும் இடையே அமைந்த ஊர் முகையூர். என் இளமையில் அது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1993இல்தான் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. ஊரெல்லையில், சாலையோரத்தில், என் பாட்டனார் தொடங்கி என் தாய்மாமனார் நடத்திவந்த கிளப்புக் கடை ஒன்று இருந்தது. கடையின் பின்புறம் கிளை பரப்பிய புளியமரம். அதன் அடியில் பெயர் அறியப்படாத மூன்று பழைய கபர்கள். மணிலாக்கொட்டை மூட்டைகளுடன் இரவில் புறப்படும் வண்டிக்காரர்கள் அங்கே மாடுகளை அவிழ்த்துக் கட்டுவார்கள். பெட்ரோமாக்ஸ் ஒளியில் ஆப்பமும் பாயாவும் உண்டு, ஒரு கோழித்தூக்கம் போட்டுவிட்டுச் செல்வார்கள். அவர்களின் வரவே கடையின் வாழ்வு.

1968ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. ஓர் இரவு விறகு எடுத்துவரப் பின்புறம் சென்றேன். புளியமரத்திலிருந்து வெண்ணிற உருவம் ஒன்று ஓசையின்றிக் கிளம்பி, கபர்களின் மேலாக மிதந்து சென்றது. அடுத்த கணம் காதைக் கிழிக்கும் ஓர் அலறல்! விறகைப் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் பள்ளியில் நண்பர்கள் சூழ நின்று கேட்டார்கள். வெள்ளைத் துணி போர்த்திய பெண் என்றேன். அவளுக்குக் கால்கள் இல்லை என்றும் சொன்னேன். கால்களை நான் பார்க்கவில்லை என்பதே உண்மை. பார்க்காததை இல்லாததாகச் சொல்வது பொய் என்று அந்த வயதிலும் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும், அத்தனை கண்கள் என்னையே நோக்கிய அந்த இன்பம் என் நாவை இழுத்துச் சென்றது.

கதை என்னைவிட வேகமாக நடந்தது. ஒரு வாரத்தில் அவள் வண்டிக்காரனிடம் சுண்ணாம்பு கேட்டாளாம். ஒரு மாதத்தில் ஒருவனைப் பின்தொடர்ந்து மாம்பழப்பட்டு வரை சென்றாளாம். வண்டிகள் நிற்காமல் கடந்தன. ஓராண்டு முடிவதற்குள் மாமா கடையைப் பூட்டிவிட்டு, சென்னையில் பிறர் உணவகத்தில் சமையல் வேலைக்குச் சென்றார். என் பாட்டியார் அந்தப் பூட்டைக் கையால் தடவிப் பார்த்து அழுததை நான் கண்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

1998இல் அலுவல் காரணமாக அகமதாபாத் சென்றிருந்தேன். கல்லில் சல்லடை இழைத்த ஜன்னல்களால் புகழ்பெற்ற சீதி சையத் பள்ளிவாசல் 1573இல் எழுந்தது. அதனருகே, லால் தர்வாஜா பகுதியில், ‘லக்கி’ என்றோர் உணவகம். தேநீர் அருந்த நுழைந்தவன் திகைத்து நின்றேன். மேசைகளுக்கு நடுவே கபர்கள்! பச்சை வண்ணம் பூசி, இரும்புக் கம்பி வேலியிட்டு, மலர் தூவி வைத்திருந்தார்கள். 1950களில் அடக்கத்தலத்தின் அருகே தேநீர்க் கடையாகத் தொடங்கி, கபர்களை அகற்றாமலேயே வளர்ந்த இடம் அது. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் அங்கு விரும்பி வந்து தேநீர் அருந்தியவர். தம் ஓவியம் ஒன்றையும் அந்தக் கடைக்கே அளித்தார். பரிமாறுபவர்கள் உறங்கும் குழந்தையைக் கடப்பதுபோல் கபர்களைச் சுற்றி நடந்தார்கள். கூட்டமோ அலைமோதியது. கபர்கள் இருப்பதே தங்களுக்கு நற்பேறு என்பது கடைக்காரர்களின் எண்ணம்.

வெண்ணெய் தடவிய ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் கடையிலும் கபர்கள்தாமே இருந்தன? அங்கு வந்து சேர்ந்த கேடு என் நாவிலிருந்தல்லவா வந்தது?

ஊர் திரும்பியதும் மாமாவிடம் சென்றேன். முதுமையில் முகையூருக்கே வந்திருந்தார். நடந்ததைச் சொல்லி முடித்தபோது என் குரல் உடைந்தது. அவர் சிரித்தார்.

“தெரியுமே மாப்பிள்ளை. அது கூகை. மரப்பொந்துல குஞ்சு பொரிச்சிருந்துச்சு. எலி பிடிக்க இறங்கும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க மாமா?”

“ரெண்டு பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன், நம்பல. நம்ப வைக்கணும்னா உன்னைக் கூட்டிட்டுப் போயி, ‘இவன் சொன்னது பொய்’னு சந்தையில நிறுத்தணும். தகப்பன் இல்லாத புள்ளைய அப்படி நிறுத்துறதா?”

அதற்குமேல் என்னால் பேச இயலவில்லை.

கூகையின் சிறகோரம் மென்மையான இழைகளால் ஆனது; அதனாலேயே அது பறக்கும் ஓசை கேட்பதில்லை என்று பின்னாளில் படித்தறிந்தேன். கொலையுண்டவனின் உயிர் ஆந்தையாகி, பழி தீரும்வரை தாகத்தால் அலறும் என்று அறியாமைக் கால அரபிகள் நம்பினார்கள். அதனை ‘ஹாமா’ என்றார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த நம்பிக்கையை அடியோடு மறுத்தார்கள். அந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியவன்தான் நானும். ஓதியது, புளியமரத்தடியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மாமா இன்று மர்ஹூம். கடை இருந்த இடம் வெறும் மண்மேடு. ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அங்கே நின்று அவருக்காக துஆச் செய்கிறேன். “இங்கே பேய் உண்டாமே?” என்று சிறுவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அவர்களை அருகே அமர்த்தி, என் பொய்யையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.