பிரேசில் யாருடையது?

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் தொடக்கப்பள்ளிகளில் காலை ஏழரைக்கெல்லாம் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிடுவார்கள். தேசிய கீதம் மலாயில், உறுதிமொழி ஆங்கிலத்தில். அந்த உறுதிமொழியை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். "அவரும் தமிழ் கிளாஸுக்குப் போனாரா டீச்சர்?" என்றுதான் கேட்பார்கள்.

தாய்மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். சீனப் பிள்ளைகள் தங்கள் சீனமொழி ஆசிரியரான லாவ்ஷிக்காகக் காத்திருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகள் புத்தகமும் பென்சில் டப்பாவுமாக நடைவழியில் புறப்படுவார்கள். ஒரு வகுப்பிலிருந்து இருவர், இன்னொன்றிலிருந்து மூவர் என்று வந்து சேர்ந்தால்தான் தமிழ் வகுப்பு கூடும். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன்பின் தமிழுக்குப் பள்ளியில் கிடைத்திருப்பது இந்தப் பாடவேளைதான். வீட்டிலும் நிலைமை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு.

இந்த எண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட, பிள்ளைகள் எப்போது தாமாகத் தமிழ் பேசுகிறார்கள் என்று கவனிப்பது எனக்குப் பிடிக்கும். பகுதிநேர ஆசிரியையாக நான் கண்டது இதுதான்: புகார் சொல்லும்போது.

ஒருநாள் ஒரு பையன், அம்மா சின்ன வயதில் சேர்த்துவைத்த கொடி அழிப்பான்களைக் கொண்டுவந்திருந்தான். உலக நாடுகளின் கொடி அச்சிட்ட சின்னச் சின்ன அழிப்பான்கள். விரலால் தட்டிவிட வேண்டும். நம்முடையது எதிராளியின் அழிப்பான்மேல் ஏறி விழுந்தால் அது நமக்கு. படத்தைக் காட்டிப் பேசச் சொன்னால், "இது ஒரு பூங்கா. மக்கள் இருக்கிறார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்பவன் அவன். அன்று கண் சிவக்க ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "எனக்குத் தமிழ்லதான் கேஸ் எடுக்கத் தெரியும்" என்றேன்.

"டீச்சர், இவன் சீட் பண்றான்! பிரேசில் என்னுது. இவனோட ஜப்பான் பாதிதான் ஏறுச்சு. முழுசா ஏறல. ஏறவே இல்ல!"

"ஏறுச்சு டீச்சர்! இவன்தான் மேசைய ஆட்டினான்!"

"நான் எப்படா ஆட்டினேன்? நீ தட்டுறதுக்கு முன்னாடியே அது ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு!"

பயிற்சித்தாளில் மாதக்கணக்கில் வராத இறந்தகாலமும் எதிர்மறையும் ஒரே நிமிடத்தில் கொட்டின. எது முன், எது பின் என்ற வரிசைகூடப் பிசகவில்லை. பிரேசிலை ஓய்வுநேரம்வரை என் மேசையில் காவலில் வைத்தேன். வழக்கு அதற்குள் தமிழிலேயே இன்னும் இரண்டு சாட்சிகளைச் சேர்த்துக்கொண்டது.

முன்பு இந்தப் பேச்சுக்கு வகுப்பில் இடமில்லை. "சென்றேன், வந்தேன்" என்று புத்தகத் தமிழில் பேசாவிட்டால் திருத்துவார்கள். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, படித்தவர்கள் இயல்பாகப் பேசும் பேச்சுத்தமிழை வகுப்புக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழ் கெட்டுவிடுமே என்ற அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கு அந்த அச்சம் இல்லை. "ஏறவே இல்ல" என்று அடித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு "ஏறவே இல்லை" என்று எழுதக் கற்றுத்தருவது அரைநாள் வேலை. சொல்வதற்கே ஒன்றுமில்லாத பிள்ளைக்கு எதைக் கற்றுத்தருவது?

பெற்றோர் சந்திப்பில் எந்த டியூஷன் நல்லது, எந்தப் பயிற்சிநூல் நல்லது என்று கேட்கிறார்கள். நான் சொல்வது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். வீட்டில் அண்ணனும் தங்கையும் ரிமோட்டுக்காக அடித்துக்கொண்டால் உடனே சமாதானம் செய்துவைக்காதீர்கள். "யார் முதல்ல ஆரம்பிச்சது? அப்புறம் என்னாச்சு? நீ பார்த்தியா?" என்று தமிழில் விசாரியுங்கள். தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பும் பிள்ளை, அதைச் சொல்ல வேண்டிய சொல்லை எப்படியும் தேடிப் பிடித்துவிடும்.