தரிசனத்துக்குப் பின் இரண்டு நாட்கள்

மே மாதக் கடைசி வாரம். திருமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. மடியில் லட்டுப் பை. பின் இருக்கைகளில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் குடும்பம் ஒன்று. வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்யும் கணவர், மனைவி, எட்டாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகள், ஐந்து வயது மகன், கணவரின் தாயார். குழந்தைகளுக்கு அவர் அப்பாயி. இந்தப் பயணத்தின் நிதி அமைச்சரும் அவர்தான். இடுப்புச் சுருக்குப் பையில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

1944-ல் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை திருமலைக்கு நடந்தோ டோலியிலோதான் போக முடியும். 1974-ல் இரண்டாவது பாதை வந்தது. இப்போது ஏற ஒன்று, இறங்க ஒன்று. அந்தப் பழைய பாதைதான் இறங்குவதற்கு. வளைவுக்கு வளைவு பையன் வாந்தி எடுக்கிறான். கீழே அலிபிரி வந்ததும்தான் எல்லோருக்கும் மூச்சு வருகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்குத் திருப்பதிப் பயணம் இரண்டு பாகம். முதல் பாகம் மலைமேல். க்யூ, கம்பிக் கூண்டு, ஒரு நொடி தரிசனம், ‘ஜருகண்டி’. இரண்டாம் பாகம் கீழே. மலைமேல் அறை பெரும்பாலும் ஒரு நாளைக்குத்தான் என்பதால் மிச்சமிருக்கும் விடுமுறையைக் கீழ்த்திருப்பதியில்தான் கழித்தாக வேண்டும். வேண்டுதல் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதைக்கொண்டு எங்கே போவது?

தர்க்கம் பஸ் நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. மனைவிக்குக் காளஹஸ்தி போக ஆசை. தம்பிக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது. ராகு கேது பூஜை செய்ய வேண்டும். 40 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் காளஹஸ்திக்குப் போனால் வேறு கோயில் எதற்கும் போகாமல் நேரே வீடு திரும்ப வேண்டும் என்பது ஐதீகம். அப்பாயியோ காணிப்பாக்கம் போயே தீர வேண்டும் என்கிறார். அது எதிர்த் திசையில், சித்தூர் வழியில். இரண்டுக்கும் நாளும் இல்லை, பணமும் இல்லை.

“காளஹஸ்தி அடுத்த வருசம் பார்த்துக்கலாம். காணிப்பாக்கத்துக்கு இந்தத் தடவையே போயாகணும்” என்றார் அப்பாயி. மருமகள் அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கணவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் நாள் திருச்சானூர். அலர்மேல் மங்கையைப் பார்க்காமல் திரும்பினால் பெருமாளைச் சேவித்த பலன் முழுமையாகாது என்பது நம்பிக்கை. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர். மலைமேல் இருந்த நெரிசல் இங்கே இல்லை. தாயாரை இரண்டு நிமிடம் நின்று பார்க்க முடிந்தது. மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொண்டதில் தம்பி கல்யாணத்துக்கு எவ்வளவு பங்கு, வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்பது தாயாருக்குத்தான் தெரியும்.

மாலையில் கோவிந்தராஜர் கோயில். ராமானுஜர் 12-ஆம் நூற்றாண்டில் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் சந்நிதி. சுவர்க் கல்வெட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த மகளுக்கு ஆச்சரியம். ‘க’ தெரிகிறது, ‘ட’ தெரிகிறது. தெரு முழுக்கத் தெலுங்குப் பலகைகள், கோயில் சுவரில் தமிழா என்று கேட்கிறாள்.

கேள்விக்கு நீளமான பதில் இருக்கிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லையாகச் சொல்வது இந்த வேங்கடத்தைத்தான். மார்கழி மாதம் முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போயிற்று. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆனால் இரு பக்கமும் மக்கள் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். வளையல் கடைக்காரர் தெலுங்கில் விலை சொல்லி, அப்பாயி தமிழில் பேரம் பேசி, கடைசியில் இருவரும் தமிழில் சண்டை போட்டு முடித்தார்கள்.

அதே தெருவில் பையனுக்கு மரப்பாச்சி வாங்கினார்கள். ஆண் ஒன்று, பெண் ஒன்று. அப்பாயி வீட்டில் முன்பு ஒரு ஜோடி இருந்ததாம். செம்மரத்தில் செய்தது, உரைத்துப் பூசினால் குழந்தைகளுக்கு வீக்கம் வற்றும் என்பார்கள். “இது செம்மரம்தானா?” என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். அசல் செம்மரத்தை இந்த விலைக்கு விற்க முடியுமா என்பது சிரிப்பின் பொருள்.

மறுநாள் காலை சந்திரகிரி. திருப்பதியிலிருந்து 12 கிலோமீட்டர். தலைக்கோட்டைப் போருக்குப் பின் தளர்ந்த விஜயநகர அரசின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னைப்பட்டினத்து நிலம் 1639-ல் கிடைத்தபோது அரசர் சந்திரகிரியில்தான் இருந்தார். மெட்ராஸின் பிறப்புச் சான்றிதழ் இந்த ஊரோடு சேர்ந்தது என்று சொன்னால் தப்பில்லை. ராஜ மகாலின் மூன்று மாடிகளும் மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்பால் கட்டியவை. இப்போது உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். பையனுக்கு வாளும் கேடயமும் பிடித்தன. அப்பாயி புல்வெளி நிழலில் காலை நீட்டிப் புளியோதரையைப் பிரித்தார்.

கோட்டைக்குப் பின்னால் சேஷாசலம் மலைகள். வெயிலில் ஒன்றும் தெரியாதது போலச் சும்மா கிடக்கின்றன. உலகில் செம்மரம் இயற்கையாக வளர்வது ஏறக்குறைய இந்த மலைத் தொடர்களில் மட்டும்தான். சீனாவில் அதில் மேசை நாற்காலி செய்கிறார்கள். ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு அது உயர்ந்த மரம். அந்த விலைக்காக மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் தேடிப் போவது தமிழ்நாட்டு மலைக் கிராமங்களை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திர போலீசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை இந்தக் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்துக் கூலிகள். தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இந்த மலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு விதமான பயணிகள் வருகிறார்கள். ஒருவர் பஸ்ஸில் கோவிந்தா சொல்லிக்கொண்டு வருகிறார். இன்னொருவர் வீட்டில்கூடச் சொல்லாமல் வருகிறார். பையன் கையிலிருந்த மரப்பாச்சிக்கு இதெல்லாம் தெரியாது.

பிற்பகல் பஸ் சித்தூரை நோக்கி ஓடியது. வழிநெடுக மாந்தோப்பு. கிளிமூக்கு மாங்காய் இங்கே கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. 2025 ஜூனில் விலை சரிந்தபோது மாநில அரசு கிலோவுக்கு ரூ. 4 மானியம் அறிவித்தது. வெளி மாநிலத்துக் கிளிமூக்கு வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடையும் போட்டது. மாம்பழத்துக்கும் எல்லைப் பிரச்சினை உண்டு. சேலத்துக்காரரான கணவர் பயணத்தில் முதல் முறையாக வாய் திறந்து, “நம்மூரு மல்கோவாவுக்கு இது உறை போடக் காணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

காணிப்பாக்கம் சித்தூரிலிருந்து 11 கிலோமீட்டர். ஊமை, செவிடு, குருடான மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டியபோது கடப்பாரை பட்டு ரத்தம் பெருகியதாம். மூவரின் குறையும் நீங்கியதாம். அங்கே கிடைத்தவர்தான் வரசித்தி விநாயகர். கோயிலைக் கட்டியவன் முதலாம் குலோத்துங்க சோழன் என்பது வரலாறு. மூலவர் இன்றும் கிணற்று நீரில் இருக்கிறார்; வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. பழைய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்தவில்லை என்று சாட்சியும் காட்டுகிறார்கள்.

இந்தப் பிள்ளையாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவர் நீதிபதி. பங்காளிச் சண்டை, கடன் வழக்கு, களவு என்று கோர்ட்டில் தீராதது இங்கே சத்தியத்தில் தீரும். பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்று சுற்று வட்டாரமே நம்புகிறது. குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்து போகிறவர்களும் ஏராளம்.

அப்பாயி ஏன் காளஹஸ்தியைத் தள்ளிவைத்தார் என்பது அப்போதுதான் மகளுக்குப் புரிந்தது. அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு திருக்குளத்தில் முழுகினார். ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போனார். அம்மா அவர் பின்னால் போகவில்லை, தூணருகே நின்றார். இரண்டு வருடமாகப் பட்டறைக் கூலியில் பாதி எங்கே போயிற்று என்பதை ஐந்து பேரும் அறிவார்கள். ஐந்து வயதுப் பையன் உட்பட. இரண்டு நாளும் யாரும் அதைப் பேசவில்லை. சந்நிதியில் அவர் என்ன சொன்னார் என்பது யார் காதிலும் விழவில்லை. வெளியே வந்தபோது அவர் தலையைத் துவட்டியது அம்மாவின் முந்தானை.

“எத்தனை நாளைக்கு?” என்று மருமகள் மெதுவாகக் கேட்டார்.

“அதைப் பிள்ளையார்தான் பார்த்துக்கணும். கூட்டிக்கிட்டு வர்றதுதான் நம்ம வேலை” என்றார் அப்பாயி.

சித்தூரில் வேலூர் பஸ் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. 1945-ல் வந்த ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவராக நடித்த நாகையா இந்த ஊரைத் தன் பெயரோடு சேர்த்து இரண்டு மொழிச் சினிமாவுக்கும் கொண்டுபோனவர். பஸ்ஸும் அப்படித்தான் இருந்தது. பாதிப் பேர் திருப்பதியிலிருந்து திரும்பும் தமிழ்க் குடும்பங்கள். மீதிப் பேர் மடியில் எக்ஸ்ரே கவருடன் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகும் தெலுங்குக் குடும்பங்கள். அவர்கள் இங்கே வேண்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டிக்கு அப்பாயி பாதி லட்டைப் பிட்டுக் கொடுத்தார். அந்தப் பாட்டி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.

எல்லை தாண்டியதும் பலகைகள் தமிழுக்கு மாறின. மகள் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். மருந்துக் கடை, பரோட்டா ஸ்டால், மொபைல் ரீசார்ஜ். அடுத்தது பச்சைப் பலகை, டாஸ்மாக். அதை மட்டும் அவள் படிக்கவில்லை. பஸ் அங்கே கொஞ்ச நேரம் நெரிசலில் நின்றது.

அப்பா பையனை மடிக்கு மாற்றி, ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார். மரப்பாச்சிகள் இரண்டும் பையன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தன. அவர் குனிந்து தேடி எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.