சோழமண்டலத்துச் சிநேகிதம்

சித்திரம் தீட்டுகிறவனுக்கு ஜீவனம் நடப்பது அரிது என்று எல்லோரும் அநுதாபம் காட்டிவந்த காலத்தில், சென்னை அரசினர் கலைத்தொழிற் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணாக்கர்களும், பிரபுக்களின் தயவுக்குக் காத்திராமல், உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் பத்திக் முதலான கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்ந்த பணத்தைக் கொண்டு, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை ஸ்தாபித்தார்கள் என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் பூரிக்கிறது.

வயிற்றுக்குக் கைவினை, மனத்துக்குச் சிருஷ்டி என்று அவர்கள் வகுத்துக்கொண்ட அந்த ஏற்பாட்டில், ஒருவன் படம் விலைபோகாத மாதத்திலும் அவன் தூரிகை ஓயாதிருந்ததற்குக் காரணம், பக்கத்துக் குடிசையில் இன்னொரு கலைஞன் இருந்ததுதான்.

இன்றும் நம் ஊர்களில் படத்துக்குச் சட்டம் போடக் காசில்லாத நண்பனுக்குத் தம் படத்தின் சட்டத்தைக் கழற்றிக் கொடுப்பவரையும், தம்மிடம் வந்த வேலையை, "இதற்கு அவர்தான் தகுந்தவர்" என்று சொல்லி மற்றொருவரிடம் அனுப்புபவரையும் நான் அறிவேன். பரிசும் பாராட்டும் வரும்போது வரட்டும். அதுவரை கலையைக் காப்பாற்றுவது இந்தப் பரஸ்பர சகாயமே. ஆகையால் நண்பர்களே, உங்கள் ஊர்க் கலைஞரின் கண்காட்சிக்குப் போங்கள். இயன்றால் ஒன்று வாங்குங்கள்.