பிள்ளையை யார் பார்த்தது?



ஜாஸ்மின் பாரிஸ் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். என் மூத்த மகள் சொல்லித்தான் நானும் அறிந்தேன். பிரித்தானியாவைச் சேர்ந்த மிருக வைத்தியர். மலைப்பாதைகளில் நெடுந்தூரம் ஓடுபவர். 2019 ஜனவரியில், இங்கிலாந்தின் ஈடேலில் தொடங்கி ஸ்கொட்லாந்தில் முடியும் 'ஸ்பைன்' ஓட்டத்தில், 268 மைலை 83 மணித்தியாலம் 12 நிமிடத்தில் கடந்து ஆண்கள் உட்பட எல்லோரையும் முந்தினார். மாரிகாலக் கடுங்குளிர், பெரும்பகுதி இருட்டு. அப்போது அவருக்கு 14 மாதக் குழந்தை. பால்குடி மறக்காத பிள்ளை. வழியில் தங்குமிடங்களில் பாலை எடுத்துவிட்டு மீண்டும் ஓடினார். கலாநிதிப் பட்ட ஆய்வையும் அந்நாட்களில்தான் எழுதிக்கொண்டிருந்தாராம்.

மகள் இதை வாசித்துக் காட்டியதும் என் வாயில் முதலில் வந்த கேள்வி, "பிள்ளையை யார் பார்த்தது?"

"அதுட வாப்பாதான்" என்றாள் மகள்.

அடுப்படியில் நின்ற என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் என்னை இதை எழுத வைத்தது.

நான்கு வருடங்களுக்கு முன் டொக்டர் அவளுக்குச் சீனி வருத்தம் என்றார். தினமும் அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார். நான் தடுக்கவில்லை, "தாராளமாக நட" என்றேன். சுபஹுத் தொழுதுவிட்டு நான் கிதாபோடு உட்காருவேன். சின்னவன் எழும்பி அழுவான். தேத்தண்ணி, பிள்ளைகளின் சாப்பாடு, என் உடுப்பு. அவள் எப்போது நடப்பாள்? சென்ற வருடம் இன்சுலின் ஊசி தொடங்கிவிட்டார்கள்.

நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரழி) அவர்களும் ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸை வகுப்பில் எத்தனையோ முறை படித்துக் கொடுத்திருக்கிறேன். அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் இருக்கிறது. ஒருமுறை ஆயிஷா (ரழி) அவர்கள் வென்றார்கள். பின்னொரு காலத்தில் நபியவர்கள் வென்றார்கள். அஹ்மதின் அறிவிப்பில், கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு நபியவர்கள் மனைவியோடு ஓடியதாக வருகிறது. மனைவிக்காக ஒரு பிரயாணக் கூட்டத்தையே முன்னால் அனுப்பியிருக்கிறார்கள்! அந்த இடத்தில் நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. ஸஃபா மர்வாவில் கைக்குழந்தைக்காக ஓடியதும் ஒரு தாய்தானே. இன்று அங்கே பச்சை விளக்குகளுக்கிடையே ஓடுவது ஆண்கள்.

அந்தப் பெண்மணியின் உடையும் வாழ்க்கை முறையும் நமக்கு முன்மாதிரியா என்று கேட்டு யாரும் கடிதம் எழுத வேண்டாம். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

2024 மார்ச்சில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, அமெரிக்காவின் டெனஸி மலைக்காட்டில் நடக்கும் 'பார்க்லி' ஓட்டத்தையும் அவர் முடித்தார். 60 மணித்தியால எல்லைக்கு 99 விநாடிகளே மீதி. அதை முடித்த முதற் பெண் அவர்தான். 2022இல் வேறு சில ஓட்டக்காரர்களோடு சேர்ந்து 'கிரீன் ரன்னர்ஸ்' என்ற அமைப்பையும் ஆரம்பித்திருந்தார். போட்டிக்கு எப்படிப் பயணம் செய்வது, என்ன உடுப்பது, என்ன உண்பது என்பவற்றில் பூமிக்குக் கேடு குறைப்பது. அதைப் பற்றி வாய்திறந்து பேசுவது. இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட உறுதி. புதிது புதிதாகச் சப்பாத்து வாங்கிக் குவிப்பதையும் அவர்கள் விரும்புவதில்லை என்று மகள் சொன்னாள்.

மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்ப எனக்கும் புதுச் சப்பாத்து வேணாம். மகள்ட பழைய ஸ்கூல் சப்பாத்து காணும்."

இப்போது சுபஹுக்குப் பின் இருவரும் குளக்கட்டு வரை போய் வருகிறார்கள். சின்னவன் என் பொறுப்பு. பாடசாலைச் சட்டைக்கு நான் பொத்தான் போட்டுவிட்டால் ஒன்று கூடுகிறது, இல்லாவிட்டால் ஒன்று குறைகிறது. "உம்மா வரட்டும்" என்று கதவடியில் போய் நிற்கிறான்.