அளவாய் வார்த்த நீர்

கணவர் மறைந்தபின், அவர் மாடியில் வளர்த்த காகிதப்பூச் செடியை அம்மையார் கூடத்துள் கொணர்ந்து வைத்தார். நாள்தோறும் விளக்கேற்றியதும் அதற்கு நீர் வார்ப்பார். சில வாரங்களில் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. வாட்டமென எண்ணி மேலும் வார்த்தார்.

வேளாண்மை பயிலும் பேரன் மண்ணில் விரலிட்டுப் பார்த்தான், உள்ளே சேறு.

"தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, பாட்டி. இங்கே அடியிலைகள்தான் பழுக்கின்றன. வெயிலின்றி மண் உலரவில்லை. நீர் மிகுந்து வேர் மூச்சுமுட்டுகிறது."

அம்மையார் கண்கலங்கினார். செடி மீண்டும் மாடியேறிற்று. 6 மணி நேர வெயில் கிடைத்தது. மறுமாதம் துளிர்த்தது.

இன்றும் செம்புடன் செல்கிறார். மண்ணைத் தொடுகிறார், ஈரமிருந்தால் அந்நீரைத் துளசிக்கு வார்த்து, செடியருகே சற்றே அமர்ந்திருந்துவிட்டு இறங்குகிறார்.