ஊன்றிய கால்

ராஜபாளையத்தில் கராத்தே பயிலும் என் புதல்வி, பக்கவாட்டில் உதைக்கும்போதெல்லாம் முழங்கால் வலிக்கிறதென்றாள். ஜப்பானியர் அதை 'யோகோ கேரி' என்பர். பாதத்தின் வெளி விளிம்பால் தாக்குவது. உதைக்கும் காலையே உற்றுப் பார்த்தேன், உபாத்தியாயர் புத்தி! பிழையோ ஊன்றிய காலில் இருந்தது. இடுப்பு திரும்ப, குதிகால் திரும்பாமல் நிற்க, முறுக்கு முழுதும் முழங்காலில் இறங்கிற்று. குதிகால் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். 2000 முதல் ஒலிம்பிக்கில் பதக்கம் பெறும் கொரிய டேக்வாண்டோவிலும் அதுவே விதி.

பால்யத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சிலம்பம் கற்கச் சென்றேன். ஆசான் கம்பைத் தொடவிடாமல் காலடியே பழக்கினார். பாதம் திரும்பாமல் உடலைத் திருப்பாதே என்பார். பொறுமையிழந்து ஓடிவந்துவிட்டேன்.

அன்று மாலை மொட்டைமாடியில் அந்தக் காலடியை வைத்துக் காட்டினேன். அவ்வாறே திரும்பி உதைத்தவள், வலி குறைந்ததென்றாள்.

"அடுத்த காலடி என்னப்பா?"

அதற்குள்தான் ஓடிவந்துவிட்டேனே, என்ன சொல்வேன்?