கடல் பக்கத்து விளக்கு

கொட்டிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் கடல் பக்கச் சுவரில் இரண்டு பெரிய விளக்குகள் இருந்தன. பெண்கள் மனுக் கொடுத்து வாங்கிய விளக்குகள் அவை. நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆகவே, ஆமைகளுக்காக அவற்றை அணைக்கச் சொல்லி இரண்டு கல்லூரி மாணவிகள் வந்தபோது எனக்குச் சுருக்கென்றது. பெண்கள் கேட்டு வாங்கியது ஒன்றிரண்டுதான். அதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

"ஒரு ராத்திரி எங்ககூட நடந்து பாருங்க ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி.

போனேன். மாணவர்கள் 1988இல் தொடங்கிய நடை அது. ஜனவரியிலிருந்து பங்குனி முடியும்வரை, நீலாங்கரையில் கிளம்பி பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர். மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமை கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுத் திரும்பிவிடும். அதன் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, நாய்கள் தோண்டுவதற்கு முன் முட்டைகளை எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

குஞ்சுகளை விடும் மாலையிலும் போனேன். உள்ளங்கையில் அடங்கும் கருத்த குஞ்சுகள். அவற்றைக் கொண்டுபோய் நேராகத் தண்ணீரில் போடுவதில்லை. சற்றுத் தள்ளி மணலில் விடுகிறார்கள். பிறந்த கரையை நினைவில் பதித்துக்கொள்ள அந்த நடை உதவும் என்று கருதப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து முட்டையிட இந்தப் பக்கத்துக் கரைகளுக்கு வரப்போவது பெண் ஆமைகள்தாம். அதுவரை வலைகளுக்குத் தப்ப வேண்டும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துச் சென்னைக் கரையில் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

இருட்டான கரையில் வெளிச்சமாகத் தெரிவது கடல்தான். குஞ்சு அதைப் பார்த்துப் போகும். எங்கள் கரையில் கடலைவிடக் கட்டடங்கள் பளிச்சென்று இருக்கின்றன. அதனால் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் டார்ச்சைப் பிடித்தபடி நின்றாள். அப்படியும் நாலைந்து குஞ்சுகள் ஊர்ப் பக்கம் திரும்பின. ஆள் இல்லாத இடத்தில் பொரிந்திருந்தால் அவை சாலையில் நசுங்கும், அல்லது வெயிலேறியதும் காய்ந்து சாகும்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "ஆமைக்கு இருட்டு வேணும்னா நாங்க பயந்துக்கிட்டு வரணுமா?" என்று கேட்டார் இரவுப் பணி முடிந்து வரும் ஒரு செவிலியர். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. இருட்டில் நடந்ததற்காகப் பெண்ணையே குற்றம் சொல்லும் ஊரில் விளக்கு கேட்பது நியாயம்தான்.

அங்கே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா குப்பத்திலிருந்து வேலைக்கு வருபவர். விடியுமுன் பின்வாசலில் நுழைபவரும் அவர்தான். மனுவில் அவர் கையெழுத்து கிடையாது. வேலைசெய்கிறவர்களிடம் சங்கம் கையெழுத்து வாங்குவதில்லை. "நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.

"வெளக்கு எரியிறப்பவும் ஒருத்தன் பின்னாடியே வந்தாம்மா. மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்னா பண்றது? கேட்டுல ஒரு ஆள் நின்னா அதான் தைரியம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். கடலைப் பார்த்த இரண்டு விளக்குகளும் ஆமைக் காலத்தில் அணைந்திருக்கும். பாதைக்கு மட்டும், மேலே மூடியிட்டுக் கீழ்நோக்கி விழும் மங்கிய செம்மஞ்சள் விளக்கு. அந்த நிறம் குஞ்சுகளை அவ்வளவாக இழுப்பதில்லை. காவலாளி இரவு பதினொன்று முதல் ஆறுவரை பின்வாசலில் நிற்பார். அதற்கான சம்பளத்தை எல்லா வீடும் பகிர்ந்துகொள்ளும். இதற்குத்தான் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நீண்டது.

விளக்கு செலவு குறைந்த பதில். ஒரு முறை மாட்டிவிட்டு, பெண்களுக்குச் செய்தாயிற்று என்று எல்லோரும் படுத்துவிடலாம். ஆள் நிற்பதற்குத் தினமும் யாராவது விழித்திருக்க வேண்டும். ஆமைக்கு அந்த மாணவிகள் விழித்திருக்கிறார்கள்.

இப்போது சனி இரவுகளில் எங்கள் குடியிருப்பிலிருந்து நான்கு பெண்கள் அவர்களோடு நடக்கிறோம். செவிலியருக்கு ஓய்வு நாள் அமைந்தால் ஐந்து.